டிரினிடாட் – ஸ்பெயின் சரக்கு வணிகம்: ஒரே சரக்குக்கு ஏன் இரண்டு கணக்கு?

பிறை_பையன்:

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் கே1, கே2 பாரம், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி, ஏற்றுமதிப் பாரம், அடிக்கிறவன். சனி, ஞாயிறில் பினாங்குத் தீவுக்குப் போய்ப் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படிக்கிறேன். அனைத்துலக வணிகப் பாடத்துக்கு ஓர் அசைன்மெண்ட். கரீபியனில் ஒரு நாடு, மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு நாடு எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் சரக்கு வணிகம் எப்படி ஏறி இறங்கியது, ஏன் என்று எழுத வேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் கியூபா–ஸ்பெயின் எடுத்தார்கள். நான் டிரினிடாட்–ஸ்பெயின் எடுத்தேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். டிரினிடாட்டின் தலைநகருக்குப் பெயரே போர்ட் ஆஃப் ஸ்பெயின். ஏதாவது இல்லாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஐ.நா.வின் வணிகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட்டிலிருந்து எண்களை இறக்கினேன். டிரினிடாட் ஸ்பெயினுக்கு ஏற்றுமதி செய்ததாகச் சொல்வது நீலக் கோடு, ஸ்பெயின் டிரினிடாட்டிலிருந்து இறக்குமதி செய்ததாகச் சொல்வது சிவப்புக் கோடு. ஒரே சரக்குதானே, இரண்டும் ஒட்டிக்கொண்டு போக வேண்டாமா? போகவில்லை. சில வருடம் நீலம் மேலே, சில வருடம் சிவப்பு மேலே. அப்புறம் 2021, 2022 பக்கம் பார்த்தால் கோடு தென்னை மரம் ஏறுகிற மாதிரி ஏறுகிறது.

"இரு நாட்டு உறவு வலுப்பெற்றதால் வணிகம் பெருகியது" என்று எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் "எந்தக் கப்பல் வந்து சொன்னது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மறுபடி கொடுக்க வேண்டும். எந்தப் பக்கத்துக் கணக்கை நம்புவது? 2022-ல் என்னதான் நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டெய்னர்_தாத்தா:

தம்பி, உங்கள் விரிவுரையாளரை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் பினாங்குத் துறைமுகத்தில் 31 வருடம் ஃபார்வர்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தினமும் கைவைக்கிற பாரத்திலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. கே2-வில் என்ன மதிப்பு போடுகிறீர்கள்? எஃப்.ஓ.பி. அதாவது கப்பலில் ஏற்றி முடித்த வரைக்கும் ஆன விலை. கே1-ல்? சி.ஐ.எஃப். அதில் கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்ந்துவிடும். உலகம் முழுக்க அநேகமாக இதே வழக்கம்தான். அதனால் வாங்குகிற நாட்டின் எண் விற்கிற நாட்டின் எண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது இயற்கை. ஐ.எம்.எஃப். நெடுங்காலம் அந்த வித்தியாசத்தைக் குத்துமதிப்பாக 10 சதவீதம் என்று வைத்துத்தான் ஓட்டியது.

ஆனால் உங்களுக்குச் சில வருடம் விற்கிற பக்கம் பெரிதாக இருக்கிறது என்கிறீர்கள். அதைக் கப்பல் கூலியால் விளக்க முடியாது. சரக்கு எங்கே போகிறது என்று விற்கிறவன் எழுதினானோ அங்கே அது போய்ச் சேரவில்லை என்றுதான் பொருள்.

என் கதையைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் ரப்பர் கையுறை ஒரு கண்டெய்னர், வாங்குகிறவன் வலென்சியாவில். அப்போது நம் சரக்கு பெரும்பாலும் சின்னக் கப்பலில் சிங்கப்பூர் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். பாரம் அடித்த பையன் கையில் இருந்த பி.எல்.லை, அதாவது கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீதைப் பார்த்து, கடைசியாகச் சேரும் நாடு என்ற கட்டத்தில் சிங்கப்பூர் என்று அடித்துவிட்டான். ஃபாரம் ஏ-யில், அதுதான் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வரிச் சலுகைக்குக் காட்டுகிற மூலச் சான்று, அதில் ஸ்பெயின் என்று இருந்தது. கையெழுத்துக்குக் கொண்டுபோனால் கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்கள் கையுறை எந்த ஊருக்குப் போகிறது, முதலில் அதை முடிவு செய்துவிட்டு வாருங்கள்" என்றார். திருத்தப் பாரம் போட்டு வாங்க இரண்டு நாள். கப்பல் போய்விட்டது. அந்தப் பையன் யார் என்று கேட்காதீர்கள்.

அந்தத் தப்பு பிடிபடாமல் போயிருந்தால், மலேசியக் கணக்கில் அது சிங்கப்பூருக்கு ஏற்றுமதி, ஸ்பெயின் கணக்கில் மலேசியாவிலிருந்து இறக்குமதி. இப்படி எத்தனை ஆயிரம் பெட்டிகள். கரீபியனிலும் இதே கதைதான். அங்கே கிங்ஸ்டன், பஹாமாசின் ஃப்ரீபோர்ட், டொமினிக்கன் குடியரசின் காவ்செதோ, இந்தப் பக்கம் அல்ஹெசிராஸ், மால்டாவின் மார்சஷ்லோக் என்று பெட்டி மாற்றுகிற துறைமுகங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் போர்ட் கிள்ளானும் தஞ்சோங் பெலெப்பாசும் மாதிரி.

ஆனால் டிரினிடாட் விஷயத்தில் பெட்டி பெரிய கதை இல்லை என்று நினைக்கிறேன். அது எரிவாயு நாடு. எரிவாயுக் கப்பலில் ஓடியவர் யாராவது இருந்தால் சொல்லட்டும். நான் கரையில் நின்று பார்த்தவன் மட்டும்தான்.

பிந்துலு_கப்பல்:

கூப்பிட்டீர்களா ஐயா, வந்துவிட்டேன். பிந்துலுவில் ஏற்றி ஜப்பான், கொரியா என்று 14 வருடம் எல்.என்.ஜி. கப்பலில் எஞ்சின் ரூம். இப்போது செபராங் ஜெயாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி, முதலில் அந்த மொத்த எண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எச்.எஸ். கோடு, அதாவது உலகம் முழுக்கச் சுங்கம் சரக்கை வகைப்படுத்தும் எண், அதில் 2711.11 தனியாக எடுத்துப் பாருங்கள். அதுதான் திரவமாக்கிய எரிவாயு. டிரினிடாட்டின் தென்மேற்கில் பாயிண்ட் ஃபோர்ட்டினில் அட்லாண்டிக் எல்.என்.ஜி. ஆலை இருக்கிறது. 1999-ல் முதல் கப்பல் கிளம்பியது. ஆரம்ப ஒப்பந்தத்திலேயே முதல் ட்ரெயினின் சரக்கில் 60 சதவீதம் அமெரிக்காவுக்கு, 40 சதவீதம் ஸ்பெயினின் எனாகாஸ் நிறுவனத்துக்கு. ட்ரெயின் என்றால் கே.டி.எம். ரயில் இல்லை, வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஒரு முழு வரிசை இயந்திரம். ஆக உங்கள் இரு நாட்டு வணிகத்தில் பெரும்பகுதி சில கப்பல்கள்தான். அவரவர் உறவு, தலைநகரின் பெயர் எல்லாம் அப்புறம்.

ஒரு கப்பல் என்றால் எவ்வளவு? அந்தக் காலத்துச் சராசரிக் கப்பல் 145,000 கன மீட்டர் பிடிக்கும். மைனஸ் 162 டிகிரியில் வாயு 600-ல் ஒரு பங்காகச் சுருங்கி உள்ளே கிடக்கும். எடையில் சுமார் 65,000 டன். விற்பது டன் கணக்கில் இல்லை, சூட்டுக் கணக்கில். மில்லியன் பி.டி.யு. என்பார்கள், அதுதான் ஒரு யூனிட். ஒரு டன்னுக்கு சுமார் 52. பெருக்கினால் ஒரு கப்பலுக்கு 3.3 மில்லியன் யூனிட் சொச்சம்.

இப்போது விலையைப் போடுங்கள். 2020 நடுவில் கொரோனா நேரத்தில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு யூனிட் 2 டாலருக்கும் கீழே போனது. அந்த விலையில் கப்பல் முழுக்க 6.6 மில்லியன் டாலர். 2022-ல் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்து குழாய் வாயு குறைந்தபின் 30 டாலர் என்பதே மலிவாகத் தெரிந்தது. ஆகஸ்ட் மாதம் 70-ஐயும் தாண்டியது. 30 என்றே வையுங்கள், அதே கப்பல், அதே மாலுமிகள், அதே கடல், சுமார் 100 மில்லியன். ஒப்பந்த விலை சந்தை விலையோடு அப்படியே ஓடாது, அது உண்மை. இருந்தாலும் உங்கள் தென்னை மரம் எப்படி வளர்ந்தது என்று இப்போது தெரியுமே. மதிப்புக் கோட்டுக்குக் கீழே எடைக் கோடு ஒன்று போடுங்கள். காம்ட்ரேட்டில் கிலோ கணக்கு இருக்கும்.

சேருமிடம் பற்றி ஐயா சொன்னது எங்கள் தொழிலில் இன்னும் மோசம். கப்பல் கிளம்பும்போது ஒரு துறைமுகம் எழுதியிருக்கும். பாயிண்ட் ஃபோர்ட்டினிலிருந்து ஸ்பெயின் ஒன்பது, பத்து நாள் ஓட்டம். நடுக்கடலில் ஓர் ஈமெயில் வரும்: வேறு இடத்தில் நல்ல விலை, திருப்பு. நானே தூங்கி எழுந்தபோது சூரியன் வேறு பக்கத்து ஜன்னலில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். சமையல்காரருக்குத்தான் கோபம் வரும், காய்கறி ஜப்பான் வரைக்கும்தான் கணக்குப் பண்ணி வாங்கியிருப்பார். கஸ்டம்ஸ் தாளில் அந்தத் திருப்பம் ஏறாமல் போனால், டிரினிடாட் கணக்கில் ஸ்பெயின், உண்மையில் அர்ஜென்டினா. 2016-ல் பனாமா கால்வாய் விரிவாக்கம் திறந்தபின் பசிபிக் பக்கமும் வழி கிடைத்துவிட்டது. திருப்புவது அதற்குப்பின் இன்னும் சுலபம்.

சின்ன விஷயம் ஒன்று. போகிற வழியில் தினமும் 0.1 முதல் 0.15 சதவீதம் ஆவியாகும், அதைத்தான் எஞ்சினில் எரிப்போம். தொட்டி குளிர்ந்தே இருக்க அடியில் கொஞ்சம் மிச்சமும் வைப்போம். அதனால் ஏற்றிய எடையும் இறக்கிய எடையும் என்றைக்கும் ஒன்றாக இராது. அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

பிறை_பையன்:

ஐயா, அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு 2711.11 மட்டும் பிரித்து எடைக் கோடு போட்டேன். தென்னை மரத்தைக் காணோம்! எடை ஏறவே இல்லை, ஆரம்ப வருடங்களோடு பார்த்தால் இறங்கித்தான் இருக்கிறது. "உறவு வலுப்பெற்றது" என்று எழுதினதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் எடை ஏன் இறங்கியது? இன்னொன்று, வகுப்பில் ஒரு தோழி, சரக்கு இறங்கும் ஸ்பெயினின் உவெல்வா துறைமுகம் அட்லாண்டிக் பக்கம், இது மத்தியதரைக் கடல் வணிகமே இல்லை என்று சண்டை போடுகிறாள். 2008-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு கரீபிய நாடுகள் போட்ட ஒப்பந்தத்தையும் ஒரு காரணமாக எழுதலாமா?

செந்தூல்_அக்கா:

தம்பி, கோலாலம்பூரில் வணிகப் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகும்.

தோழியை முதலில் சமாளிப்போம். ஸ்பெயினில் எல்.என்.ஜி. இறங்கும் ஆலைகளில் பார்சலோனா, கார்த்தஹேனா, சகுந்தோ மூன்றும் மத்தியதரைக் கரை. உவெல்வா, பில்பாவோ, முகார்தோஸ் அட்லாண்டிக் கரை. நாட்டைத்தான் கேட்டார்கள், கரையைக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். உள்ளே வந்தபின் எல்லாம் ஒரே குழாய் வலைக்குள்தான் போகிறது.

2008 ஒப்பந்தத்தைக் காரணமாக எழுதினால் இன்னொரு சிவப்பு வட்டம் நிச்சயம். அக்டோபர் 2008-ல் பார்படோசில் கையெழுத்தானது, அந்த டிசம்பர் கடைசியிலிருந்து தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது, எல்லாம் சரி. ஆனால் டிரினிடாட் சரக்குக்கு ஐரோப்பாவில் வரிச் சலுகை அன்றைக்குத்தான் பிறந்ததா? இல்லை. அதற்கு முன்பு ஐரோப்பா ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு போட்ட லோமே, அப்புறம் கோட்டனூ உடன்படிக்கையின் கீழ் ஏற்கெனவே சலுகை இருந்தது. கோட்டனூ வணிகச் சலுகை 2007-ஓடு முடிந்ததால் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். வாடகை ஒப்பந்தம் முடிந்து புதுப்பித்த மாதிரி. வீட்டுக்குள் புதிதாகக் குடிவந்தது யாரும் இல்லை. அது யாருக்கு உண்மையில் முக்கியம் என்றால், டிரினிடாட்டின் பாயிண்ட் லிசாஸ் ஆலைகளின் மெத்தனாலுக்கும் அமோனியாவுக்கும். சலுகை இல்லாவிட்டால் அவற்றுக்கு ஐரோப்பாவில் 5.5 சதவீத வரி. கோடு 2905.11-உம் 2814.10-உம் எடுத்துப் பாருங்கள், எரிவாயுவைக் கழித்தபின் மிச்சம் இருக்கிற கதை அங்கேதான். எதிர்ப்பக்கம் புதிதாக நடந்தது, ஐரோப்பியச் சரக்குக்குக் கரீபிய நாடுகள் வரியைப் படிப்படியாக 25 வருடம் வரை இழுத்துக் குறைப்பது. ஸ்பெயினின் ஏற்றுமதியைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லலாம்.

எடை இறங்கியதற்குக் காரணம் தேட வெளியுறவு அமைச்சு வரை போக வேண்டாம். டிரினிடாட்டின் எரிவாயு உற்பத்தி 2010-ல் உச்சம் தொட்டு அப்புறம் சரிந்தது. நான்கு ட்ரெயினும் சேர்ந்து வருடத்துக்கு 15 மில்லியன் டன் அளவுக்குத் திறன், ஆனால் கொடுக்க வாயு இல்லை. முதல் ட்ரெயின் 2020 கடைசியில் நின்றுபோனது. உங்கள் அண்ணன் சொன்னாரே, ஸ்பெயினுக்கு 40 சதவீதம் ஒதுக்கியிருந்த அதே ட்ரெயின். இதற்கு நடுவே அங்கே பங்கு வைத்திருந்த ஸ்பெயினின் ரெப்சோல், தன் எல்.என்.ஜி. தொழிலை ஷெல்லுக்கு விற்றது. 2013-ல் அறிவித்து 2014 தொடக்கத்தில் முடித்தார்கள். ஷெல் உலகம் முழுக்க வாடிக்கையாளர் வைத்திருக்கும் கம்பெனி. அதற்குக் கப்பல் ஸ்பெயினுக்குப் போனால் என்ன, சிலிக்குப் போனால் என்ன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுப்பேன்.

தாத்தா சொன்னதில் ஒரு சின்ன இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. வாங்குகிற நாட்டுக் கணக்கு பொதுவாக நம்பத்தக்கது என்று நாம் சொல்லிக்கொள்வது, அங்கே வரி வசூல் இருப்பதால் கவனமாகப் பார்ப்பார்கள் என்பதால். எரிவாயுவில் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். 2011-இலிருந்து 2014 வரை ஸ்பெயினில் மின்சாரத் தேவை படுத்துக் கிடந்தபோது, இறக்கிய எல்.என்.ஜி.யை மறுபடி கப்பலில் ஏற்றி ஆசியாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் விற்றார்கள். அந்தக் கப்பல் டிரினிடாட் சரக்கா, நைஜீரியா சரக்கா? தொட்டியில் கலந்தபின் வாயுவுக்கு ஏது ஊர். நம் பினாங்கு 1969-ல் சுதந்திரத் துறைமுகத் தகுதி, அதாவது சரக்கு வரியில்லாமல் வந்து போகும் உரிமை, போகும் வரைக்கும் இப்படித்தானே பிழைத்தது, சுமத்ராவின் சரக்கு இங்கே வந்து பினாங்குச் சரக்காகிக் கிளம்பும்.

விலை விஷயத்திலும் பிந்துலு அண்ணன் சொன்னதற்கு ஒரு வால் உண்டு. பாயிண்ட் ஃபோர்ட்டினில் விற்கிற கம்பெனியும் அந்தப் பக்கம் வாங்குகிற கம்பெனியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். அப்பா ஒருவரே என்றால், இந்தக் கடையில் என்ன விலை எழுதுவது, அந்தக் கடையில் என்ன விலை எழுதுவது என்பதை அப்பா முடிவு செய்வார். குறைந்த விலையில் ஏற்றி, வழியில் திருப்பி, கூடின விலைக்கு விற்றால் லாபம் கடலில் எங்கோ பிறக்கும். எங்கள் பங்கு எங்கே என்று டிரினிடாட்டில் அரசியல் சண்டையே நடந்தது. 2023 டிசம்பரில் அட்லாண்டிக் எல்.என்.ஜி.யின் பங்கு அமைப்பை ஷெல், பி.பி., அந்நாட்டு அரசு எரிவாயு நிறுவனம் மூன்றும் மாற்றி எழுதியதற்கு இதெல்லாம் பின்னணி. ஆகவே நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி முழுவதையும் கப்பல் கூலி என்று எழுதிவிடாதீர்கள்.

எதிர்த் திசையில் வருவது எனக்குப் பிடித்த பகுதி. ஸ்பெயின் உலகத்துக்கு விற்பதில் தரை ஓடு, சுவர் ஓடு உண்டு, கோடு 6907. அவை பெரும்பாலும் வலென்சியாவுக்கு வடக்கே காஸ்தெயோன் வட்டாரத்தில் சுடப்படுகின்றன, சூளையெல்லாம் எரிவாயுவில் ஓடுகிறது. பக்கத்திலேயே சகுந்தோ ஆலை. டிரினிடாட் தன் வாயுவை விற்று, அதே வாயுவில் வெந்த ஓட்டை வாங்கிக் குளியலறையில் ஒட்டுகிறதா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் 6907-ஐ ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கோப்பிக்கடை:

நான் வியாபாரமும் தெரியாதவன், கப்பலும் தெரியாதவன். ஆனால் என் நண்பன் பஹாமாஸ்–கிரேக்கம் எடுத்து, ஒரே வருடத்தில் வணிகம் பல மடங்கு கூடியது என்று தாவிக் குதிக்கிறான். அதுவும் எரிவாயுவா?

செந்தூல்_அக்கா:

அவரிடம் முதலில் 89-ஆம் அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் கப்பல்கள். சரக்கைச் சுமக்கிற கப்பலைச் சொல்லவில்லை, கப்பலே சரக்கு. பஹாமாஸ் கப்பல் பதிவுக்குப் பேர்போன கொடி, கிரேக்கர்கள் உலகத்தின் பெரிய கப்பல் முதலாளிகள். ஒரு கப்பல் கைமாறினால் காகிதத்தில் பல மில்லியன் டாலர் ஏற்றுமதி, கப்பல் மட்டும் வேறு ஏதோ கடலில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கண்டெய்னர்_தாத்தா:

செந்தூல் அக்கா, பெயரில் அக்கா என்று போட்டிருக்கிறீர்கள், எனக்கு மகள் வயதுதான் இருக்கும். வாங்குகிற பக்கத்தை நம்பு என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருந்தது. பிடித்துவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி, ஒன்று மட்டும். அசைன்மெண்டில் டிரினிடாட் மக்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுவீர்களா? 1845-ல் முதல் கப்பலில் இந்தியத் தொழிலாளர்கள் அங்கே இறங்கினார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர், ஆனால் மெட்ராசில் ஏறியவர்களும் உண்டு. இங்கே கித்தாக் காட்டுக்கு, அதாவது ரப்பர்த் தோட்டத்துக்கு, நம் தாத்தாக்கள் வந்தார்கள், அங்கே கரும்புக் காட்டுக்குப் போனார்கள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான்.

பிறை_பையன்:

ஐயா, சொல் எண்ணிக்கை 2,500-ஐத் தாண்டினால் மதிப்பெண் குறைப்பார்கள். இருந்தாலும் முன்னுரையில் ஒரு வரி போட்டுவிட்டேன்.

தலைப்பை மாற்றிவிட்டேன். எரிவாயு தனி, மற்றவை தனி என்று இரண்டு படம். ஒவ்வொன்றிலும் மதிப்பு ஒரு கோடு, எடை ஒரு கோடு. இடைவெளிக்கு நான்கு காரணம் எழுதி, எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது என்றும் எழுதினேன். 6907-ஐயும் பார்த்தேன் அக்கா. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது, எரிவாயு அளவுகோலில் போட்டால் கண்ணுக்கே தெரியாது, தனியாகப் போட்டால்தான் தெரிகிறது. தனியாகவே போட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், தாத்தா கதை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்ததால், போன மாதம் நான் அடித்த கே2 பாரங்களை எடுத்துப் பார்த்தேன். கையுறைதான். வாங்குகிறவர் மிலானில், பி.எல்.லில் ரோட்டர்டாம். கடைசியாகச் சேரும் நாடு என்ற கட்டத்தில் நான் நெதர்லாந்து என்று அடித்திருக்கிறேன். ஒன்று இல்லை, நான்கு பாரம். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.

கண்டெய்னர்_தாத்தா:

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காலையிலேயே, அவர் கோப்பி குடித்தபிறகு. திருத்தப் பாரத்தோடு இன்வாய்ஸ் நகலும் வாங்குகிறவரின் ஆர்டர் தாளும் சேர்த்து வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.